ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள், ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுபோனதைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், ஓரளவு புதிய செயலி வேண்டும், ஆகவே பழைய கணினிகள் பலவும் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான் என்று விளக்கமாக எழுதியிருந்தீர்கள். கடைசிப் பத்தியில் மட்டும், பழைய கணினியைத் தூக்கிப்போட மனமில்லாதவர்கள் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளலாம் என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள் எனக்கு மூன்று இரவுகள் இருந்தன. அதைச் சொல்லத்தான் இக்கடிதம். கொஞ்சம் நீளும், வெட்டுவதானால் என் தவறுகளை விட்டுவிட்டு மற்றதை வெட்டுங்கள். படிப்பவருக்குப் பயன்படப்போவது அவைதான்.

நான் தொலைபேசித் துறையில் டெலிகாம் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவன். கம்பத்தில் ஏறியிருக்கிறேன், மழை நாளில் குழிக்குள் உட்கார்ந்து கேபிள் ஒட்டியிருக்கிறேன். வீடு மயிலாடுதுறை கூறைநாட்டில். தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சுவர், ஒன்றரை அடி கனம். பாகப்பிரிவினையில் மாடி தம்பிக்கும் கீழ்த்தளம் எனக்கும் வந்தது. ஃபைபர் இணைப்பு தம்பி பெயரில், அவன் அறையில் இருக்கிறது. மாதக் கட்டணத்தில் பாதியைக் கொடுத்துவிடுகிறேன், வைஃபை கடவுச்சொல்லைத் தந்திருக்கிறான். ஆனால் அவன் பகுதிக்குள் ஆணி அடித்துக் கேபிள் இழுக்கும் பேச்சை மட்டும் நான் எடுப்பதில்லை. எங்கள் குடும்பத்தில் ஒரு ஆணியால் ஆறு மாதம் பேசாமல் இருந்த கதை உண்டு.

என் மனைவி ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. மாலையில் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வருவார்கள். அவர்களுக்காகப் பின்கட்டு அறையில் ஒரு மேசைக் கணினி. 2012-இல் வாங்கியது, நினைவகம் 4 ஜிபி. விண்டோஸ் 10-ஐ வைத்துக்கொண்டு அது பட்ட பாடு போதும் என்று இருந்த நேரத்தில்தான் உங்கள் கட்டுரை வந்தது. கடையில் கேட்டால் எண்ணூறு ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார்கள். எண்ணூறு ரூபாய்க்கு அதன் மேல் விரிக்கும் துணிகூட வராது. எனவே லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்டின், பழைய கணினிக்கும் பாரமில்லாத எக்ஸ்எஃப்சிஈ பதிப்பைப் பென் டிரைவில் ஏற்றி நிறுவினேன். அரை மணி நேரத்தில் முடிந்தது. கணினி எழுந்து நின்றது, விசிறிச் சத்தம்கூடக் குறைந்தது. இதுவரை நீங்கள் எழுதிய வரி முழுக்க உண்மை.

பிறகு இணையம். அந்தக் கணினியில் வைஃபை கிடையாது. கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு யூஎஸ்பி வைஃபை துண்டைச் செருகி வைத்திருந்தோம். விண்டோஸில் செருகினால் அது முதலில் ஒரு சிடி போலத் தோன்றித் தனக்கு வேண்டிய மென்பொருளைத் தானே நிறுவிக்கொள்ளும். அந்தச் சிடிக்குள் இருப்பது விண்டோஸுக்கான மென்பொருள் மட்டுமே. லினக்ஸுக்கு உரியதை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். இணையம் வருவதற்கோ அந்தத் துண்டு வேலை செய்ய வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பது இதுதான்.

செல்பேசியை யூஎஸ்பி வழியாக இணைத்தால் போதுமே என்பீர்கள். போதும்தான். முதல் நாள் அப்படித்தான் இரண்டு பக்கம் திறந்து பார்த்தேன். ஆனால் பேசியை எடுத்துக்கொண்டு நான் பால் வாங்கப் போனால் பின்கட்டில் பிள்ளைகள் கை கட்டி உட்கார்ந்திருப்பார்கள். நிலையாக ஒரு வழி வேண்டும். மாடிப்படிக்கு நேர் கீழே, கூடத்து மேசையில் என் மனைவியின் விண்டோஸ் 11 மடிக்கணினி இருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் தம்பி வீட்டு வைஃபை முழுதாக விழும். அந்த மடிக்கணினியில் கேபிள் செருகும் துளையும் இருக்கிறது. மேலிருந்து காற்றில் வருவதை அது வாங்கி, பின்கட்டுக்குக் கம்பியில் அனுப்ப முடியாதா?

முடியும். விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு 1999-இல் வந்தபோதே இணைய இணைப்பைப் பகிரும் இந்த வசதியும் வந்துவிட்டது. அன்று கீச்சென்று கத்தும் டயல்-அப் மோடம் இணைப்பை இரண்டு கணினிக்குப் பங்கு போடுவதற்காக. இன்றும் அதே வசதி, ஏறக்குறைய அதே பெட்டி, விண்டோஸ் 11-க்குள் ஒரு மூலையில் இருக்கிறது. வழி எளிது: விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் சிறு பெட்டியில் என், சி, பி, ஏ, ஒரு புள்ளி, சி, பி, எல் என்று அடித்தால் நெட்வொர்க் இணைப்புகள் எல்லாம் வரிசையாகத் தெரியும். வைஃபையின் பண்புகளை ('பிராப்பர்ட்டீஸ்') திறந்து, 'ஷேரிங்' பக்கத்தில், பிறரும் இக்கணினி வழியாக இணையத்துக்குப் போகலாம் என்ற கட்டத்தில் குறியிட்டு, யாருக்கு என்ற இடத்தில் ஈத்தர்நெட்டை, அதாவது கேபிள் இணைப்பை, தேர்ந்தெடுக்க வேண்டும். பலரும் ஈத்தர்நெட்டின் பண்புகளைத் திறந்து அங்கே குறியிட்டுவிடுகிறார்கள். தண்ணீர் வரும் குழாயைத்தான் பகிர வேண்டும், போகும் குழாயை அல்ல.

முதல் இரவு கேபிளோடு போயிற்று. அது எனக்குப் பிடித்த வேலை என்பதால் புகார் இல்லை. எங்கள் தொலைபேசி ஜெல்லி கேபிளில் வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா என்று ஐந்து நிறம் ஒரு பக்கம். நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல் என்று ஐந்து நிறம் மறுபக்கம். ஒன்றோடொன்று சேர்த்தால் இருபத்தைந்து ஜோடி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நெட்வொர்க் கேபிளில் நான்கே ஜோடி: நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு. பழைய நண்பர்களைத் தெருவில் பார்த்தது போல இருந்தது. கனெக்டரில் வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு என்று இரு முனையிலும் ஒரே வரிசை. முன்பெல்லாம் இரண்டு கணினியை நேருக்கு நேர் இணைக்க ஒரு முனையில் ஆரஞ்சையும் பச்சையையும் இடம் மாற்றிக் கட்ட வேண்டும். இப்போதைய ஜிகாபிட் அட்டைகள் அதைத் தாமே உணர்ந்து சரிசெய்துகொள்கின்றன. இரண்டில் ஒன்று அப்படிப்பட்டதாக இருந்தாலே போதும். முற்றத்து இறவாரத்தை ஒட்டிப் பதினைந்து மீட்டர் இழுத்தேன். நூறு மீட்டர் வரை போகலாம். அணில் கடிக்கும் இடத்தில் மட்டும் பிவிசி குழாய் போட்டேன். இரண்டு பக்கமும் துளையருகே விளக்கு எரிந்தது. லைனில் உயிர் இருக்கிறது என்று தூங்கப் போனேன்.

இரண்டாம் இரவு என் அறிவால் வந்த வினை. தம்பி வீட்டு ரூட்டரின் முகவரி 192.168.1.1. வீட்டில் எல்லாக் கருவிகளுக்கும் 192.168.1 என்றுதான் எண் தொடங்குகிறது. ஒரே வீடு, ஒரே வரிசை எண்தானே என்று லினக்ஸ் கணினிக்கு 192.168.1.50 என்று நானே எண் கொடுத்தேன். வெளியே போகும் நுழைவாயில் எண்ணாக ரூட்டரின் முகவரியையும் எழுதினேன். ஒன்றும் நடக்கவில்லை. மாற்றி 51 கொடுத்தேன், 60 கொடுத்தேன். இரவு பன்னிரண்டு மணிக்கு மனைவி வந்து விளக்கை அணைத்தார்.

காலையில் பல் தேய்க்கும்போது புரிந்தது. இது பிஏபிஎக்ஸ், ஐயா! ஒரு நிறுவனத்துக்குள் பல பேசிகளை இணைக்கும் சிறு தொலைபேசி இணைப்பகம். என் வாழ்நாளில் எத்தனை மில்லுக்கும் மருத்துவமனைக்கும் பிஏபிஎக்ஸ் லைன் கொடுத்திருப்பேன். உள்ளே இருக்கும் எக்ஸ்டென்ஷனுக்கு ஊர் எண் கிடையாது; அங்கே 21, 22 என்று உள் எண்தான். வெளியே பேச வேண்டுமானால் அந்தப் பெட்டி தன் ஊர் எண்ணில் பேச வைக்கும். விண்டோஸ் இணைப்பைப் பகிரும்போது அந்தப் பெட்டியாகத்தான் மாறுகிறது. வைஃபை பக்கம் அதற்கு 192.168.1 வரிசையில் ஒரு முகவரி. கேபிள் பக்கம் தனக்குத் தானே 192.168.137.1 என்று இன்னொரு முகவரி வைத்துக்கொண்டு, கேபிளில் வந்து சேரும் கணினிக்கு 192.168.137 வரிசையில் ஓர் எண்ணைத் தானே கொடுக்கும். எக்ஸ்பி காலத்தில் இது 192.168.0.1 ஆக இருந்தது, விண்டோஸ் 7 முதல் 137. நான் எக்ஸ்டென்ஷனில் உட்கார்ந்துகொண்டு ஊர் எண் வேண்டும் என்று அடம்பிடித்திருக்கிறேன். லினக்ஸில் செய்ய வேண்டியது ஒன்றே: ஐபி முகவரியைத் தானாகப் பெறு என்று விட்டுவிட வேண்டும். நிறுவியபோது அது அப்படித்தான் இருந்தது. கை வைத்தது நான்.

மூன்றாம் இரவைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தானாக எண் வந்துவிட்டது, 192.168.137 என்றே தொடங்கியது. சோதிக்காமல் விடுவேனா? லினக்ஸிலிருந்து மடிக்கணினியைப் பிங் செய்தேன், அதாவது 'இருக்கிறாயா' என்று கேட்டுப் பார்த்தேன். விண்டோஸில் பிங் நான்கு முறை கேட்டுவிட்டு நிற்கும். லினக்ஸில் நாம் நிறுத்தும் வரை கேட்டுக்கொண்டே இருக்கும். நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு பதிலும் இல்லை. கனெக்டரை வெட்டி மறுபடி கட்டினேன். பதில் இல்லை. மறுமுனையை வெட்டிக் கட்டினேன். பதினைந்து மீட்டர் கேபிளை இறக்கி, ஜோடி ஜோடியாகச் சோதித்தேன். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் மாலை பதினோராம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி வந்து, "பிரௌசரைத் திறந்து பார்த்தீர்களா தாத்தா?" என்று கேட்டாள். திறந்தாள். பக்கம் வந்தது. முந்தைய நாள் இரவிலிருந்தே வந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

விண்டோஸின் தீயரண் ('ஃபயர்வால்'), வெளியிலிருந்து வரும் பிங்குக்குப் பொதுவாகப் பதில் சொல்லாமல் இருந்துவிடும். அது பாதுகாப்பு ஏற்பாடு. மணி அடித்தும் எடுக்காதவர் வீட்டு லைனை 'டெட்' என்று புகார்ப் புத்தகத்தில் எழுதியவன் எவனாவது உண்டா? அந்தத் துறையில் சம்பளம் வாங்கிய நான் எழுதியிருக்கிறேன். சோதிப்பதானால் விண்டோஸைக் கேட்கக் கூடாது, அதைத் தாண்டி வெளியே உள்ள ஒரு முகவரியைக் கேட்க வேண்டும். 8.8.8.8 என்பது கூகுள் நடத்தும் பெயர் வழங்கி, தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தருவது. அதிலிருந்து பதில் வந்தால் வழி முழுவதும் சரி.

இவ்வளவும் முடிந்தபின் அந்த வைஃபை துண்டுக்கான மென்பொருளை இறக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. துண்டும் உயிர் பெற்றது. பின்கட்டில் ஒரு கோடு சிக்னல் காட்டியது. அதைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன். கேபிள் இருக்கும்போது ஒரு கோட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பிஏபிஎக்ஸ் என்று தெரிந்துகொண்டது வேறு சில இடங்களிலும் கைகொடுத்தது. எக்ஸ்டென்ஷனிலிருந்து வெளியே பேசலாம், வெளியிலிருந்து எக்ஸ்டென்ஷன் எண்ணை நேராகச் சுழற்ற முடியாது. அதனால்தான் பின்கட்டுக் கணினியிலிருந்து உலகம் தெரிகிறது. தம்பி தன் செல்பேசியில் தேடினால் அந்தக் கணினி தெரிவதில்லை. மாடியில் உள்ள வைஃபை அச்சுப்பொறியும் லினக்ஸின் பட்டியலில் தானாக வரவில்லை. அதன் முகவரியை எண்ணாகக் கொடுத்துச் சேர்த்ததும் அச்சடித்தது. முதலில் அடித்தது ஐந்தாம் வாய்ப்பாடு. தம்பி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, தன் அறையில் வாய்ப்பாடு ஏன் விழுகிறது என்று கேட்டான்.

வைஃபை, கேபிள் என்ற இரண்டு இணைப்புகளையும் 'பிரிட்ஜ்' செய்து ஒன்றாகக் கட்டிவிட்டால் எல்லாம் ஒரே வீடாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அது ஒரே லைனில் இரண்டு கருவி மாட்டும் பேரலல் போன் போல. கேபிளோடு கேபிளைச் சேர்க்கையில் நன்றாக வேலை செய்யும். ஆனால் வைஃபை ரூட்டர் தன்னிடம் பதிவு செய்துகொண்ட கருவியின் அடையாள எண்ணோடு மட்டுமே பேசும், அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து வரும் இன்னொன்றோடு பேசுவது அதற்கு வழக்கமில்லை. அதனால் வைஃபையில் பிரிட்ஜ் சில வீடுகளில் வரும், பல வீடுகளில் வராது. நான் முயலவில்லை. மூன்று இரவு போதும்.

கோப்புப் பகிர்வைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். மனைவி மடிக்கணினியில் தட்டச்சு செய்யும் வினாத்தாள்கள் பின்கட்டில் திறக்க வேண்டும். விண்டோஸில் அவை இருக்கும் கோப்புறையைப் பகிர்ந்து, லினக்ஸில் கோப்பு மேலாளரின் முகவரிப் பட்டையில் எஸ்எம்பி, முக்காற்புள்ளி, இரண்டு சாய்வுக்கோடு, 192.168.137.1 என்று அடித்தால் வந்துவிடும். விண்டோஸின் இந்த மொழியை லினக்ஸுக்குக் கற்றுக்கொடுத்தது சாம்பா என்ற மென்பொருள். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற மாணவர் 1990-களின் தொடக்கத்தில் எழுதத் தொடங்கியது. அந்தக் கோப்புறையைத் திறக்கப் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. மனைவியின் நான்கு இலக்கப் பின் எண்ணைக் கொடுத்தேன், மறுத்தது. அந்தப் பின் எண் அந்த மடிக்கணினியின் முன்னால் உட்காருபவருக்கு மட்டும். நெட்வொர்க் வழியாக வருபவருக்குக் கணக்கின் உண்மையான கடவுச்சொல் வேண்டும். அது எங்கே எழுதி வைக்கப்பட்டிருந்தது என்பது குடும்ப விஷயம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பழைய குறிப்புகள் பலவற்றில், லினக்ஸோடு பேச வேண்டுமானால் விண்டோஸில் எஸ்எம்பி-1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறையைத் திறந்துவிடுங்கள் என்று இருக்கிறது. திறக்காதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் நிரல் உலகமெங்கும் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டின் இறுதியிலிருந்து புதிய விண்டோஸ் பதிப்புகளில் அது வழக்கமாக மூடியே வருகிறது. இன்றைய லினக்ஸுக்கு அதன் தேவையே இல்லை.

ஆசிரியர் அவர்களே, உங்கள் கட்டுரையைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. உங்கள் வரியை நம்பி லினக்ஸ் நிறுவி, முதல் நாள் மாலை இணையம் வரவில்லை என்றதும் கணினியைக் கடைக்கே தூக்கிக்கொண்டு போனவர் ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். எங்கே தட்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. தட்டும் இடம் பெரும்பாலும் வைஃபை தான். அதைத் தாண்ட, நாம் விட்டு விலகும் அந்த விண்டோஸ் ஓடும் வேறொரு கணினியிடமே ஒரு மாலைக்குக் கேபிள் வழியாகக் கடன் வாங்கலாம். இதை உங்கள் பத்திரிகை இன்னொரு பத்தியில், படத்தோடு, தமிழில் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ராசிபலனுக்குக் கால் பக்கம் ஒதுக்குகிறீர்கள், அதில் பாதி போதும்.

இப்போது பின்கட்டில் பிள்ளைகள் தமிழ் 99 விசைப்பலகையில் தட்டச்சு பழகுகிறார்கள்; லினக்ஸில் அதுவும் தனியாகக் காசு கொடுத்து வாங்காமல் கிடைத்தது. ஒரு தொல்லை மட்டும் சில நாள் நீடித்தது. இரவு ஏழரைக்கு மனைவி அடுப்படிக்குப் போகும்போது பழக்கத்தில் மடிக்கணினியை மூடிவிடுவார். மூடினால் அது தூங்கும், பின்கட்டில் இணையம் நிற்கும், "பாட்டி!" என்று ஏழு குரல் ஒன்றாகக் கேட்கும். மின்சாரத்தில் இருக்கும்போது மூடினாலும் தூங்காதபடி ஆற்றல் அமைப்பில் மாற்றிவிட்டேன். இரண்டு முறை மடிக்கணினியை மறுபடி தொடக்கியபின் பகிர்வு வேலை செய்யவில்லை. அந்தக் கட்டத்தின் குறியை எடுத்துவிட்டு மறுபடி போட்டதும் வந்துவிட்டது.

இக்கடிதத்தை மனைவி படித்துப் பார்த்தார். மூன்று இரவு என்று எழுதியிருப்பது தவறு, நான்கு என்கிறார். முதல் இரவுக்கு முந்தைய இரவு நான் கனெக்டர் கட்டும் கிரிம்பிங் கருவியைத் தேடிப் பரணைக் கவிழ்த்ததையும் கணக்கில் சேர்க்க வேண்டுமாம். கணித ஆசிரியை சொல்வதால் திருத்திக்கொள்ளவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டெலிகாம் மெக்கானிக்,
கூறைநாடு, மயிலாடுதுறை.